கேபிளுக்கு எழுத்து தெரியாது

சென்ற செவ்வாய்க்கிழமை காலை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பழைய அலுவலகத்துத் தனசேகர் கூப்பிட்டார். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து என்று கைப்பேசியில் அனுப்புவாரே தவிர, அவராகக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. “சார், பிலோமினா மேடம் பூட்டாங்க சார்” என்றார். “எங்கே?” என்று கேட்டேன். அறுபது வயதைத் தாண்டியவன் கேட்கிற கேள்வியா இது. “விடியக்காலைல சார், ஆஸ்பத்திரில. சாயங்காலம் சாந்தோம்ல அடக்கம். வந்துடுங்க” என்றார். கையில் இருந்த ஈரத்துண்டைத் திரும்ப வாளியிலேயே போட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

நம் பழைய அலுவலகத்தில் பிலோமினாவோடு வேலை பார்த்தவர்கள் பலர் இப்போது வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறீர்கள். அடக்கத்துக்கு வர முடியாதவர்கள் ஏதாவது எழுதும்படி கேட்டீர்கள். எனக்கு இரங்கல் கட்டுரை பிடிக்காது. செத்துப்போனவர்களை எல்லாம் தங்கமானவர்கள் ஆக்கிவிடுகிறார்கள். பிலோமினா படு பிடிவாதக்காரர். தன் பென்சிலை யாராவது எடுத்துவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். கூட்டத்தில் யாராவது ‘அநேகமாக’ என்று ஆரம்பித்தால், “அநேகமான்னா பார்த்தீங்களா, பார்க்கலையா?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். ஆனாலும் நான் பிரமித்துப்போய் நின்றது என் வாழ்க்கையில் ஒரே ஒரு ஆளின் முன்னால்தான், அது அவர். அதற்குக் காரணமான விஷயம் உங்களில் பாதிப் பேருக்கு அரைகுறையாகத் தெரியும். நான் அதை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. அதில் தப்பு செய்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் எட்டுப் பேர். தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்தெருவில், ஓர் எவர்சில்வர் பாத்திரக் கடையின் மாடியில் அலுவலகம். கீழே பாத்திரத்தில் பெயர் வெட்டும் மெஷின் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். மேலே நாங்கள் சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருப்போம். முதலாளி வரதன் சார் மயிலாப்பூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நானும் பிலோமினாவும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள், ஒரே வயது. நான் நிரல் எழுதுகிறவன், அதைச் சோதிக்கிறவர் அவர். அந்தக் காலத்தில் சோதிக்கிறவர்களை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. நானும் மதிக்கவில்லை.

எங்களிடம் நினைவகத்தைச் சோதிக்கும் கருவி ஒன்று இருந்தது. நாம் எழுதிய நிரலை ஓட்டிப் பார்த்து, ‘யாரும் எதுவும் எழுதாத இடத்தை இந்த வரி படிக்கிறது’ என்று எச்சரிக்கை கொடுக்கும். நல்ல கருவிதான், ஆனால் வாயாடி. ஒரு தடவை ஓட்டினால் பக்கம் பக்கமாக வரும். அதில் பாதி நம் தப்பே இல்லை, வேறு யாரோ எழுதியதன் தப்பு. அதனால் ‘இதை இனிமேல் சொல்லாதே’ என்று அதற்குச் சொல்லிவைக்க ஒரு கோப்பு உண்டு. அந்தக் கோப்புக்கு நாங்கள் வைத்த பெயர் வாய்ப்பூட்டு. பாதகமில்லை என்று தோன்றுகிற எச்சரிக்கையை, நிரலை எழுதியவன் வாய்ப்பூட்டில் சேர்த்து, பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. மென்பொருள் வெளியீட்டுக்கு முந்தின நாள் போட்டி போட்டுக்கொண்டு பூட்டுவோம். கருவி ஒரு வார்த்தை பேசாமல் ஓடி முடிந்ததும் கீழே போய்க் காபி குடிப்போம்.

அப்போது அடையாறில் ஒரு ரத்த வங்கிக்கு மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். முன்னறைக் கணினியில் நர்ஸ் ரத்தம் கொடுப்பவரின் பெயர், பிரிவு, பையின் எண் எல்லாவற்றையும் பதிவார். அது கேபிள் வழியாக, குளிர்பெட்டிகள் இருக்கும் உள்ளறைக் கணினிக்குப் போகும். வழியில் எதுவும் கெடவில்லை என்று தெரிந்துகொள்ள ஓர் ஏற்பாடு: அனுப்பும் கணினி பதிவில் உள்ள எண்களை எல்லாம் கூட்டி, அந்தத் தொகையைக் கடைசியில் ஒட்டி அனுப்பும். வாங்கும் கணினி மறுபடி கூட்டிப் பார்த்து, சரியாக வந்தால் ஏற்கும், வராவிட்டால் நிராகரிக்கும்.

அந்தப் பதிவின் அமைப்பை எழுதியவன் நான். படிவத்தில் கட்டம் போடுவது போன்ற வேலைதான். கடைசியில் டாக்டரின் குறிப்புக்கு ஒரு கட்டம் வேண்டும் என்றார்கள், ஆனால் அதில் என்ன வரும் என்று டாக்டர் முடிவு செய்யவில்லை. அதனால் ஸ்ட்ரக்ட் என்று நாங்கள் சொல்லும் கட்டம் ஒன்றை, உள்ளே ஒன்றுமே போடாமல் வெறுமனே அங்கே வைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும், அந்த மொழியின் விதிப்படி அதற்கு ஒரு பைட் இடம் ஒதுக்கியாக வேண்டும். ஒரு பைட் என்றால் ஓர் ஆங்கில எழுத்து அடங்குகிற இடம். அதில் யாரும் எதுவும் எழுதப் போவதில்லை. கருவி அதைப் பிடித்துக்கொண்டு கத்தியது. நான் வாய்ப்பூட்டில் சேர்த்து, ‘காலி, பாதகமில்லை’ என்று எழுதி, ‘ர’ என்று போட்டுவிட்டேன்.

பிலோமினாவுக்கு ஒரு பழக்கம். சனிக்கிழமை தோறும் வாய்ப்பூட்டை முழுக்கக் கழற்றிவிட்டுக் கருவியை ஓட்டுவார். வருகிற எச்சரிக்கைகளை எல்லாம் பழைய தாளின் பின்பக்கத்தில் அச்சடித்து, பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பார். மற்றவர்கள் சினிமாவுக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். அப்படி ஒரு சனிக்கிழமை என் மேசைக்கு வந்தார்.

“ரகு, இந்த ஒரு பைட்டை எதுக்குப் பூட்டினீங்க?”

“அதுல ஒண்ணும் இல்ல பிலோ. காலி ஸ்ட்ரக்ட்.”

“காலின்னா உள்ள சைபர் இருக்கா?”

“காலின்னா காலி. யாரும் எழுதல.”

“யாரும் எழுதலன்னா சைபர்னு யார் சொன்னா? என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?”

“செத்த பைட்டுக்குப் போஸ்ட்மார்ட்டம் வேறயா?” என்றேன். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தாளில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சில வாரங்களில் அடையாறில் தகராறு ஆரம்பித்தது. காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். மதியத்துக்கு மேல் ஏழெட்டுப் பதிவுகள் நிராகரிக்கப்படும். அப்படி நிராகரித்த பையைத் தனியே ஒதுக்கி வைத்து, பதிவேட்டைப் பார்த்துக் கையால் சரிபார்க்கும் வரை யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஒரு நாள் ஓ நெகட்டிவ் பை ஒன்று அப்படி ஒதுங்கிக் கிடக்க, அதைத் தேடி வந்த குடும்பத்தை இல்லை என்று சொல்லி ஆட்டோவில் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு வேறு இடத்தில் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

எல்லாரும் கேபிளைத்தான் சொன்னோம். வெயில் ஏறினால் கேபிள் இணைப்பு விட்டுப்போகிறது, அதனால்தான் மதியத்துக்கு மேல் தகராறு என்பது எங்கள் கண்டுபிடிப்பு. கேபிள் போட்டவர் தனசேகர். புதுப்பேட்டையில் வளர்ந்தவர். எங்கள் அலுவலகத்தின் ஒயர், பிளக், பிரிண்டர் எல்லாம் அவர் பொறுப்பு. அப்போதுதான் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மூன்று முறை கேபிளை மாற்றிப் பார்த்தார். “சார், கேபிள் கல்லு மாதிரி கீது. இன்னும் இன்னா பண்றதுன்னே தெர்ல” என்று என்னிடம் வந்து நின்றார். “ஜாயின்ட்டை நல்லா பாருங்க தனசேகர்” என்று அறிவுரை சொல்லி அனுப்பினேன். இதை எழுத இப்போதும் கூசுகிறது.

வரதன் சார் பொறுமை இழந்துவிட்டார். “அடையாறு டாக்டர் என்னைத் தினம் தாளிச்சுண்டிருக்கார். இவன் மாத்திண்டே இருக்கான், சரியாகலை. வேற ஆளைப் போட்டுட்டு, இவனை நிறுத்திடலாம்னு இருக்கேன்” என்றார். நான் தலையாட்டினேன்.

பிலோமினா யாரும் கேட்காமலே அடையாறுக்குப் போனார். மூன்று நாள் காலை முதல் மாலை வரை அந்த நர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மதியம் சாப்பிடக்கூட வெளியே போகவில்லை, தனசேகர்தான் பொட்டலம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நிராகரிப்பு வரும்போதெல்லாம் அனுப்பிய தொகை எவ்வளவு, வாங்கிய பக்கம் வந்த தொகை எவ்வளவு, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டார். அது போதாதென்று, அந்த நர்ஸ் அதற்குச் சற்று முன்னால் என்ன செய்தார் என்பதையும் ஒன்று விடாமல் எழுதினார். தும்மினார் என்றுகூட ஓரிடத்தில் இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் தியாகராய நகருக்கு வந்து, தாளை என் முன்னால் வைத்தார். வித்தியாசங்கள் வரிசையாக இருந்தன. 65, 86, 83, 73, 65, 78.

“என்ன தெரியுது?” என்றார்.

“கண்டபடி வருது. கேபிள் கெட்டா இப்படித்தான் வரும்.”

“கண்டபடி வரல ரகு. இருபத்திரண்டு தடவை எடுத்திருக்கேன். ஒண்ணுகூட அறுபத்தஞ்சுக்குக் கீழ இல்ல, தொண்ணூறுக்கு மேல இல்ல.”

கணினியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது உடனே உறைக்க வேண்டும். கணினிக்கு ஆங்கிலத்தின் பெரிய ஏ என்பது 65. இசட் என்பது 90. அவர் குறித்து வைத்திருந்த எண்கள் எல்லாமே எழுத்துகள். அவர் பென்சிலால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுத்தை எழுதிக்கொண்டே போனார்.

“கேபிளுக்கு எழுத்து தெரியாது” என்றார்.

பிறகு இரண்டாவது தாளை எடுத்தார். மதியத்துக்கு மேல் வருகிறவர்கள் பெரும்பாலும் முன்பே ரத்தம் கொடுத்தவர்கள். அவர்களுடைய பழைய விவரத்தை நர்ஸ் பெயரைத் தட்டித் தேடுவார். அப்படித் தேடிய பெயர்கள் ஆங்கிலத்தில் அந்தத் தாளில் இருந்தன. குமார் என்று தேடியிருக்கிறார்; ஆங்கிலத்தில் நான்காவது எழுத்து ஏ, வித்தியாசம் 65. செல்வம், நான்காவது எழுத்து வி, வித்தியாசம் 86. லட்சுமி, ரவி, எல்லாம் அப்படியே. ஒரே ஒரு இடத்தில் நர்ஸ் உமா என்று தேடியிருந்தார், அந்தப் பதிவு மட்டும் நிராகரிக்கப்படவில்லை. உமா என்று ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றே எழுத்து. நான்காவது இடத்தில் சைபர்.

என் காலி பைட்டில் உட்கார்ந்திருந்தது அதுதான். தொகையைக் கூட்டும்போது அந்த பைட் சைபராகத்தான் இருந்தது. கூட்டி முடித்த பிறகு என் நிரல் பதிவை வேறொரு இடத்துக்குக் கட்டம் கட்டமாக நகலெடுத்தது. காலி ஸ்ட்ரக்டில் நகலெடுக்க ஒன்றும் இல்லாததால் அந்த ஒரு பைட்டை மட்டும் தொடாமல் விட்டது. அதே இடத்தில் சற்று முன் தேடிய பெயர் இருந்திருக்கிறது. அதன் நான்காவது எழுத்து சரியாக அந்த பைட்டில் விழுந்து, அப்படியே கிடந்து, பதிவோடு சேர்ந்து கேபிளில் ஏறி உள்ளறைக்குப் போய்விட்டது. எங்கள் அலுவலகத்தில் ஏன் ஒரு தடவைகூட வரவில்லை என்று கேட்டேன். “நாம டெஸ்ட் பண்ணும்போது என்ன பேர் போடுவோம்?” என்று கேட்டார். ஏபிசி. எல்லாருமே சோம்பேறித்தனமாக ஏபிசி என்றுதான் போடுவோம். மூன்றெழுத்து. ஏபிசி என்ற அந்த மனிதர் எங்கள் மாடியில் நூறு தடவையாவது ரத்தம் கொடுத்திருப்பார்.

அன்று அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஒன்றுமே இல்லை என்று நான் கையெழுத்துப் போட்ட இடத்தில், குமாரும் செல்வமும் லட்சுமியும் ஆளுக்கோர் எழுத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கருவி அதைச் சொன்னது, நான் அதன் வாயைப் பூட்டினேன். அத்தனை பேர் பார்த்தும் வெயில் என்று சொன்ன விஷயத்தில், மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து இந்த அம்மாள் எழுத்துகளைப் பார்த்திருக்கிறார். வெறும் புத்திசாலித்தனத்தைப் பார்த்து நான் மலைப்பதில்லை, அது என்னிடமும் கொஞ்சம் உண்டு. இது வேறு.

“வரதன் சார்ட்ட நீங்களே சொல்லிடுங்க. நீங்க எழுதின கோடு” என்றார்.

“நாளைக்குச் சொல்றேன்” என்றேன்.

நான் சொல்லவில்லை. மறுநாள் வியாழக்கிழமை, அந்த பைட்டில் சைபர் எழுதும் ஒரு வரியைச் சேர்த்து, ‘சின்னத் திருத்தம்’ என்று பெயர் கொடுத்து அடையாறில் ஏற்றிவிட்டு வந்தேன். அதே நாள் வரதன் சார் வேறொரு ஆளைக் கூட்டிவந்து புதுக் கேபிளைப் போட்டார். நிராகரிப்பு அடியோடு நின்றுவிட்டது. “பார்த்தியா ரகு, நல்ல கேபிள் போட்டதும் கப்சிப்புன்னு ஆயிடுத்து” என்றார். வெள்ளிக்கிழமை தனசேகரை வேலையை விட்டு நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் தன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியபோது நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிலோமினா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் நேராக வரதன் சாரிடம் போனார். “சார், இன்னிக்கு ஒரு நாள் தனசேகர் போட்ட முதல் கேபிளையே மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். எதாவது ஆச்சுன்னா கையால சரிபார்க்க டாக்டர் ஒத்துக்கிட்டார்” என்றார். வரதன் சாருக்கு எரிச்சல். ஆனால் பிலோமினா ஒன்று கேட்டால் மறுப்பது கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். தனசேகர் வந்து, எல்லாரிடமும் திட்டு வாங்கிய அந்தப் பழைய கேபிளை மாட்டினார். உச்சி வெயில் வந்து போயிற்று. சாயங்காலம் ஐந்து மணி வரை நூறு பதிவுக்கு மேல் போயிருக்கும், ஒன்றுகூட நிராகரிக்கப்படவில்லை.

நாங்கள் நாலு பேரும் உள்ளறையில் குளிர்பெட்டி ஓரமாக நின்றிருந்தோம். வரதன் சார் கேபிளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “இதுவும் நன்னாத்தானே ஓடறது. அப்போ எதுதான் தப்பு?” என்றார். பிலோமினாவால் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லியிருக்க முடியும். அவர் தாள்களை அடுக்கிக் கைப்பையில் வைத்து மூடிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. என்னை முறைத்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

“என் கோடு சார்” என்றேன். “எச்சரிக்கை வந்தது. பாதகமில்லைன்னு வாய்ப்பூட்டுல போட்டது நான். வியாழக்கிழமை யாருக்கும் சொல்லாம சரி பண்ணினதும் நான்தான். கேபிள் மேல ஆரம்பத்துலேர்ந்தே தப்பு இல்ல.”

வரதன் சார் தனசேகர் பக்கம் திரும்பினார். “தனசேகர், நாளைக்கு ஆபீசுக்கு வந்துடுப்பா” என்றார். என்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது நியாயம். தனசேகர் கேபிளைத் துண்டால் துடைத்துக்கொண்டே, “வுடு சார், அல்லாருக்கும் ஆவறதுதான்” என்றார். அவர் அவ்வளவு சுலபமாக விட்டது எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாய்ப்பூட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றால், அங்கே என்ன இருந்தது என்று பார்த்து எழுத வேண்டும் என்பது விதியானது. உங்களில் பின்னால் சேர்ந்தவர்கள் அந்த விதியைச் சபித்துக்கொண்டே வேலை பார்த்திருப்பீர்கள். பிலோமினா பிறகு பெருங்குடியில் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போனார், அங்கேயே ஓய்வு பெற்றார். வருஷத்துக்கு ஒரு முறையாவது சந்திப்போம். அடையாறைப் பற்றி அவர் ஒரு தடவைகூடப் பேச்செடுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடக்கம் முடிந்து, நானும் தனசேகரும் சாந்தோம் சாலையில் ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டு நின்றோம். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. தன் மகளுக்கு ஸ்டெல்லா என்று பெயர் வைத்தவர் பிலோமினாதான் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், சட்டென்று நிறுத்தினார்.

“சார், ஒண்ணு சொல்லட்டா? அந்த எழுத்து மேட்டர் கண்டுபுட்ச்ச அன்னிக்கே மேடம் என்கிட்ட சொல்லிட்டாங்க. ‘ரகு சார் எழுதின லைனு. நீ வாயத் தொறக்காத, அவரே சொல்லுவாரு’ன்னாங்க.”

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். “வெள்ளிக்கிழமை உங்களை அனுப்பிட்டாரே. அப்போவும் தெரியுமா?”

“தெரியும் சார். ரெண்டு நாளு வூட்லயே குந்திக்கினு இருந்தேன். ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிட்டு மேடம் வூட்டாண்ட வந்தாங்க. இன்னா மேடம், சார் சொல்லலியேன்னு கேட்டேன். ‘சொல்லுவாரு, நாளைக்கு உன் கேபிளை எட்த்துக்கினு வா’ன்னாங்க.”

“சொல்லாமலே போயிருந்தா?”

“நானும் அத்தத்தான் சார் கேட்டேன். ‘அப்ப நான் சொல்லுவேன். ஆனா எனக்கு அந்த வேலைய வைக்க மாட்டாரு’ன்னாங்க.”

ஒரு பைட்டைக்கூடப் பார்க்காமல் நம்பாத பெண். அநேகமாக என்ற சொல்லையே ஆகாது என்று வைத்திருந்தவர். அந்த நான்கு நாளும் நான் கொடுத்த அத்தாட்சி முழுக்க எனக்கு எதிராகத்தான் இருந்தது. இன்னொருவரின் பிழைப்பைப் பணயம் வைத்து, அவர் என்னைப் பார்க்காமலே நம்பியிருக்கிறார். பிலோமினாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நம்பிக்கை. இத்தனை வருஷமாக அது என்னிடம் இருந்திருக்கிறது, அவரை மண்ணில் வைத்துவிட்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.